சங்கக்கடை அண்ணையின் கசெற்றுகள்

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சத்தத்துக்குத்தான் மரியாதை. மற்ற வீடுகளில் பிள்ளைகள் பாட்டைக் கூட்டி வைத்தால் ஏச்சு விழும். எங்கள் வீட்டில் பாட்டு நின்றால், அம்மா அகப்பையும் கையுமாகக் குசினியை விட்டு வந்து முன் அறைக்குள் எட்டிப் பார்ப்பார். அண்ணன் கதிரையில் இருந்தபடி கசெற்றை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பான். அவனைக் கண்டதும் அடுப்படிக்குத் திரும்பிப் போவார்.

எண்பத்து நான்காம் ஆண்டைச் சொல்கிறேன். அதற்கு முந்தின வருட ஆடிக் கலவரத்தில் தெற்கே அப்பாவின் கடை எரிந்தது. உடுத்த உடுப்போடு கப்பலேறி, அப்பா பிறந்த ஊரான அனலைதீவுக்கு வந்து சேர்ந்தோம். சில மாதம் கழித்து, கடை இருந்த நிலமாவது மிஞ்சுமா என்று பார்க்க அப்பா திரும்பிப் போனார். நானும் அம்மாவும் அண்ணனும் மிஞ்சினோம். அண்ணனுக்குப் பத்தொன்பது, தங்கச்சி எனக்குப் பதினாறு.

தீவில் பெடியங்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். விடிந்து பார்த்தால் துறையடிப் பனையில் ஒரு சைக்கிள் சாத்தியிருக்கும், ஓட்டி வந்தவன் இருக்கமாட்டான். இந்தியாவுக்கு இயக்கப் பயிற்சிக்குப் போய்விட்டான் என்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கடல் எங்கள் வளவுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் கிடந்தது. அம்மாவுக்கு அந்தக் கடலைப் பார்க்கவே பிடிக்காது. பாட்டுக் கேட்கிறதென்றால் மகன் வீட்டில் இருக்கிறான். அவருடைய கணக்கு அவ்வளவுதான்.

பாட்டு என்றால் சினிமாப் பாட்டு இல்லை. யாழ்ப்பாண டவுனில் ஒரு கோஷ்டி இருந்தது. மூன்று கிற்றார், ஒரு ட்றம்ஸ் செற், தோள்வரை தலைமயிர் வளர்த்த ஒரு பாடகர். பாட்டுகளை அவர்களே எழுதினார்கள், அவர்களே மெட்டுப் போட்டார்கள். கோயில் திருவிழாக்களில் சின்னமேளம், வில்லுப்பாட்டு எல்லாம் முடிந்த பிறகு மேடையேறுவார்கள். கிழடுகள் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பும், இளசுகள் முன்னுக்குப் போய் நெருங்கும். அவர்கள் ஒரு இசைத்தட்டும் போட்டதில்லை, வானொலி அவர்களைச் சீந்தவும் இல்லை. ஆடிக்குப் பிறகு இரவு நிகழ்ச்சிகள் குறைந்து, பிறகு அடியோடு நின்றுபோயின. கூட்டத்துக்குள் இருந்து யாராவது பதிந்து வைத்த கசெற்றுகள் மட்டும்தான் மிச்சம்.

எங்கள் தீவில் அப்படிப் பதிந்து வைத்திருந்தவர் ஒரே ஒருவர். கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுக்கிறவர். நான் அவரைச் சங்கக்கடை அண்ணை என்பேன். என் அண்ணனைவிட நாலைந்து வயது கூட. மெலிந்தவர், வாய் திறந்து கதைக்கிறது குறைவு. அந்தக் கோஷ்டி நயினாதீவில் பாடினாலும் போவார், வேலணையில் பாடினாலும் போவார். றெக்கோடரை ஒரு மாப் பைக்குள் வைத்துச் சுற்றி, கடைசி லோஞ்சுப் படகு போய்விட்டால் கோயில் மடத்தில் படுத்து எழும்பி வருவார். அப்படிச் சேர்த்த கசெற்றுகளை ஒரு பெரிய பிஸ்கற் ரின்னுக்குள் அடுக்கி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் அந்த ரின் எங்கள் வீட்டுக்கு வரும். மூன்று பேரும் இருந்து கேட்போம். சும்மா கேட்கிறதில்லை. ஒரே பாட்டை வேலணையில் எப்படி, நயினாதீவில் எப்படி, மண்டைதீவில் எப்படி என்று மாற்றி மாற்றிப் போட்டு, எது திறம் என்று அடிபடுவோம். நயினாதீவில் மைக்குக்குள் காற்று அடிக்கிறது, ஆனால் பாடகருக்குத் தொண்டை நல்லாக இருந்த நாள் அது. வேலணையில் ட்றம்ஸ்காரரின் தடி ஒன்று கை நழுவி விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்கும். மண்டைதீவில் கிற்றார்காரர் ஓரிடத்தில் ஒரு சுரத்தை அப்படியே விட்டுவிடுவார். அது பிழை என்பது என் கட்சி. வேண்டுமென்றே விட்டது என்பது அண்ணனின் கட்சி.

“கைதட்டல் அடங்கட்டும் எண்டு விட்டவர். விளங்காட்டிச் சும்மா இரு.”

“மறந்து போனார் எண்டு சொல்ல உனக்கு வாய் வராது.”

சங்கக்கடை அண்ணை இரண்டு பக்கமும் சேரமாட்டார். கசெற்றை எடுத்து விரலால் தட்டி, “இன்னொருக்காக் கேட்டால் தெரியும்” என்பார். மறுபடியும் போடுவோம். கேட்டுக் கேட்டு நாடாவே தேய்ந்துபோயிருக்கும்.

நாங்கள் கண்டுபிடித்த விஷயங்களில் பெரியது ‘ஏற்றம்’. பெயர் வைத்தது அண்ணன். நிகழ்ச்சி தொடங்கும்போது பாட்டுகள் ஒரு சுருதியில், ஒரு வேகத்தில் இருக்கும். நேரம் போகப் போகச் சுருதி மெல்ல மெல்ல ஏறும், வேகமும் கூடும். கடைசிப் பாட்டுக்கு வரும்போது பாடகரின் குரல் மெலிந்து, கூர்மையாகி, ட்றம்ஸ் குதிரை ஓட்டமாக ஓடும். எந்தக் கோயிலில் எடுத்த கசெற்றாக இருந்தாலும் அப்படித்தான். சனத்துக்குச் சூடேற ஏற இவர்களும் ஏற்றுகிறார்கள், இந்த நாட்டில் வேறு எந்தக் கோஷ்டிக்கும் இந்தத் துணிவு இல்லை என்று அண்ணன் சொல்லும்போது எனக்குக் கூடப் பெருமையாக இருக்கும்.

அல்லைப்பிட்டித் தேவாலயப் பாடகர் குழுவில் சும்மா கிடந்த ஒரு கிற்றாரை, சங்கக்கடை அண்ணை யாரையோ பிடித்து இரவல் வாங்கிக் கொடுத்திருந்தார். அண்ணனுக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை, கசெற்தான் வாத்தியார். ஒவ்வொரு பாட்டுக்கும் கம்பிகளை முறுக்கி, கசெற்றோடு சுருதி சேர்த்துப் பழகினான். எந்தப் பாட்டுக்கு எவ்வளவு ஏற்றம் என்று தலைகீழாகச் சொல்லுவான்.

இங்கே பற்றறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. புதுப் பற்றறி சங்கக்கடைக்கு எப்போதாவது வரும். வந்தால் சங்கக்கடை அண்ணை தன் சம்பளத்தில் நாலு வாங்கி, அதை ஞாயிற்றுக்கிழமைக்கென்று பொத்தி வைப்பார். நிகழ்ச்சிக்குப் பதியப் போகும்போது, முடிந்த பற்றறிகளை வெயிலில் காயவைத்து உயிர் கொடுத்து, அவற்றைத்தான் போட்டுக்கொண்டு போவார். அங்கேதான் நேரே கேட்கிறோமே, நல்ல பற்றறி வீட்டில் இருந்து வடிவாகக் கேட்பதற்கல்லவா வேண்டும் என்பது அவருடைய நியாயம். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்தப் பங்குனியில் அண்ணன் சாப்பாட்டைக் குறைத்தான். பாட்டுக் கேட்கும்போதும் கண் யன்னலுக்கு வெளியே போகும். தெரியாத ஒரு பெடியன் இரண்டு தரம் வேலியடியில் நின்று அவனோடு கதைத்துவிட்டுப் போனான். ஒரு நாள் கிணற்றடியில் நான் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து துலாக் கயிற்றைப் பிடித்தான்.

“அம்மாட்டச் சொல்லாத. வாற அமாவாசைக்கு ஒரு வள்ளம் போகுது.”

“நீ போறியோ?” என்று கேட்டேன்.

“இஞ்ச இருந்து என்ன செய்யிறது? படிச்சும் முடியேல்ல, கடையும் இல்ல. மற்றவங்கள் போக நான் கசெற் கேட்டுக்கொண்டு இருக்கிறன்.”

“அம்மா செத்துப் போவா.”

“அதுதான் இன்னும் நிக்கிறன்” என்றான். பிறகு குரலைத் தணித்தான். “கோஷ்டியில கிற்றார் வாசிக்கிறவர் ஜேர்மனிக்குப் போயிட்டாராம். வேற ஆள் தேடுகினமாம். சங்கக்கடையான் போய்க் கதைச்சிட்டு வந்தவன். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கினம். எடுத்தால் நிப்பன். எடுக்காட்டி என்னைத் தடுக்காத.”

சனிக்கிழமை வரைக்கும் நான் நித்திரை கொண்டேனா என்று நினைவில்லை. கும்பிடாத கோயில் இல்லை. அண்ணன் பழகும்போது ஒரு விரல் பிசகினாலும் விடமாட்டேன். ‘இன்னொருக்கா வாசி’ என்று நானே விரட்டினேன். அவன் நெற்றி சுருங்கப் பார்ப்பான், ஆனால் வாசிப்பான். ஏற்றம் உள்ள கடைசி மூன்று பாட்டுகளும்தான் அவனுக்கு உயிர். அதிலேயே விழுந்து கிடந்தான்.

சங்கக்கடை அண்ணையோடு டவுனுக்குப் போகிறேன் என்று அண்ணன் சொன்னதும் அம்மா கிற்றாரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, நீயும் போ. உன்னைக் கூட்டிக்கொண்டு போனால் உன்னைக் கொண்டுவந்து விடவாவது வருவான்.”

அப்போதுதான் அம்மாவுக்கும் வாடை அடித்திருக்கிறது என்று விளங்கியது. நான் பாவாடையை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

லோஞ்சில் ஊர்காவற்துறைக்குப் போய் அங்கிருந்து பஸ் எடுத்தோம். அண்ணனின் மடியில் கிற்றார், சங்கக்கடை அண்ணையின் மடியில் பிஸ்கற் ரின். கோஷ்டிக்காரருக்குத் தன் சேகரிப்பைக் காட்ட அவர் ஆசைப்பட்டார், கொழும்பு மாப்பிள்ளை மாதிரி சேட்டு வேறு அயன் பண்ணிப் போட்டிருந்தார். அல்லைப்பிட்டி தாண்டி, மண்டைதீவுச் சந்தியும் தாண்டி, டவுனுக்குப் போகும் பாலத்தடியில் ஆமி மறித்தது. ஆம்பிளைகளை இறங்கச் சொன்னார்கள். நான் பஸ்சுக்குள் இருந்து பார்த்தேன்.

ஒருவன் கிற்றாரை வாங்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினான். ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவினான். அண்ணன் சிங்களத்தில் ஏதோ விளக்கம் சொன்னான். அதுதான் வினையாகப் போனது. இவ்வளவு நல்ல சிங்களம் எங்கே படித்தாய் என்று கேள்வி வந்தது. அண்ணன் நாங்கள் இருந்த ஊரின் பெயரைச் சொன்னான். அவன் கொஞ்ச நேரம் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ரின்னைத் திறந்து, மேலே இருந்த ஒரு கசெற்றை எடுத்துச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, போகலாம் என்று கையைக் காட்டினான்.

பஸ் வெளிக்கிட்ட பிறகு சங்கக்கடை அண்ணை ரின்னுக்குள் பார்த்து, “மண்டைதீவுக் கசெற்” என்றார். ஒரே ஒரு பிரதி. “போகட்டும், ஆக்கள் போகேல்ல” என்றான் அண்ணன். அவர் மூடியை அழுத்தி மூடி, டவுன் வரும்வரை அதன்மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

கோஷ்டி பழகுகிற இடம் ஒரு வீட்டின் பின்பக்கக் கொட்டில். நாங்கள் கசெற்றில் கேட்டு மனதில் கட்டி வைத்திருந்த ஆட்கள் அங்கே இல்லை. பாடகர் தலையை ஒட்ட வெட்டியிருந்தார். நீள மயிரோடு போனால் ஆமிச் சென்றியில் இறக்கி வைத்துவிடுகிறார்களாம். தலைவர் பேஸ் கிற்றார் வாசிக்கிறவர், சாரமும் பெனியனுமாக வழுக்கைத் தலையோடு நின்றார். எங்கள் மூவருக்கும் தேத்தண்ணி தந்தார்கள். நான் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டேன்.

“என்னென்ன தெரியும், தம்பி?” என்றார் தலைவர்.

“எல்லாம் தெரியும், அண்ணை.”

ட்றம்ஸ்காரர் சிரித்தார். ஆனால் முதலாவது பாட்டை வாசித்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. இரண்டாவது பாட்டில் பாடகர் பாடுகிறதை விட்டுவிட்டு அண்ணனின் விரலைப் பார்க்கத் தொடங்கினார். மண்டைதீவில் விடுபட்ட அந்தச் சுரம் வருகிற இடத்தில் அண்ணன் கையை அப்படியே நிறுத்தி, ஒரு தட்டு விட்டு, பிறகு தொடர்ந்தான்.

“அதென்ன அதில ஒரு கிடங்கு?” என்றார் தலைவர்.

“மண்டைதீவில உங்கட ஆள் அப்பிடித்தானே விட்டவர்.”

தலைவருக்கு வாயெல்லாம் பல். “கம்பி அறுந்து போச்சுது ஐசே, அதுதான் விட்டவர்!” எல்லோரும் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு. இதோ எடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

கடைசிப் பாட்டு என்றதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கத் தொடங்கினான்.

“என்ன செய்யிறீர்?”

“ஏற்றத்துக்கு, அண்ணை.”

ஒருவருக்கும் விளங்கவில்லை, சரி பார்ப்போம் என்று தொடங்கினார்கள். நாலு அடி போவதற்குள் அது சந்தைக் கடையாகிவிட்டது. அண்ணன் ஒரு சுருதியில், மற்றவர்கள் ஒரு சுருதியில். அண்ணன் முன்னால் பறக்கிறான், ட்றம்ஸ்காரர் பின்னால் நின்று கையைக் காட்டுகிறார். நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள், இன்னும் மோசம். அண்ணனின் காது சிவந்தது.

“தம்பி, ஏன் இந்த ஓட்டம்?”

அண்ணன் ஏற்றத்தை விளக்கினான். சனம் சூடேறுவதையும், சுருதி ஏறுவதையும், எந்தக் கோயிலில் எந்தப் பாட்டுக்கு எவ்வளவு என்பதையும் வாத்தியார் மாதிரி சொன்னான். தலைவர் முழுவதையும் கேட்டார்.

“நாங்கள் ஒருநாளும் அப்பிடிச் செய்யிறேல்ல. நீர் நேர கேட்டனீரோ?”

“கசெற்றில.”

“ஆர் எடுத்த கசெற்?”

சங்கக்கடை அண்ணை எழும்பி நின்றார். “நான்தான்.”

“றெக்கோடருக்கு என்ன பற்றறி போட்டனீர்?”

அவர் வெயிலில் காயவைத்த கதையைச் சொன்னார். சொல்லிக்கொண்டு வரும்போதே ட்றம்ஸ்காரர் தொடையில் அடித்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டார். பதியும்போது பற்றறி இறங்க இறங்க நாடா மெதுவாகச் சுற்றும், அதைப் புதுப் பற்றறி போட்டுக் கேட்டால் பாட்டு ஓடும், சுருதியும் ஏறும் என்று தலைவர் விளக்கினார். “செத்துக்கொண்டிருந்த பற்றறிக்கு நீங்கள் விமர்சனம் எழுதியிருக்கிறியள்” என்று பாடகரும் சேர்ந்துகொண்டார்.

அண்ணன் சிரிக்கவில்லை. கிற்றாரை மடியில் இருந்து இறக்கிச் சுவரில் சாத்தினான். அந்தச் சாத்தலைப் பார்த்ததும் எனக்கு வள்ளம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. எழும்பிவிட்டேன்.

“சிரியாதேங்கோ!”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பதினாறு வயதுப் பெட்டை, முன்பின் தெரியாத ஆம்பிளைகளைப் பார்த்துக் கத்துகிறாள். கத்தின பிறகு நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

“உங்கட பாட்டை நீங்களே இவ்வளவு தரம் கேட்டிருக்க மாட்டியள். எங்களுக்குக் கரண்ட் இல்ல, பற்றறி இல்ல. இந்த அண்ணை கோயில் மடத்தில நுளம்புக்கடியில படுத்து எடுத்துக்கொண்டு வந்தவர். நீங்கள் பாடினதை உங்களில ஆரும் வைச்சிருக்கினமோ? இவரிட்டத்தான் இருக்கு. பிழையாக் கேட்டால் என்ன, கேட்டனாங்கள்தானே!”

அழுகை வந்துவிட்டது, அதுதான் எனக்கு ஆத்திரம். தலைவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ட்றம்ஸ்காரரைப் பார்த்தார். அவர் தடிகளை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

“தங்கச்சி சொல்லுறது சரி” என்றார் தலைவர். “தம்பி, கிற்றாரை எடும். ஏற்றத்தை இறக்கிப்போட்டு வாசியும், பாப்பம்.”

அண்ணன் கம்பிகளைத் தளர்த்தினான். ஆனால் கைக்கு அந்த ஓட்டம்தான் தெரியும். தொடங்கின உடனே பறந்தான். நிறுத்தினான். மறுபடி பறந்தான். “எனக்கு ஏலாது, அண்ணை” என்றான். அப்போது சங்கக்கடை அண்ணை பிஸ்கற் ரின்னைத் தூக்கிக்கொண்டு வந்து அவனுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். கண்ணை மூடி, மூடியின் மேல் உள்ளங்கையால் தட்டினார். மெதுவான, பாரமான தட்டு.

“நான் நேர கேட்டனான்தானே, மச்சான். கசெற்றைக் கேட்டுக் கேட்டு மறந்து போனன். இதுதான் அது. இதுக்கு வா.”

அண்ணன் அந்தத் தட்டுக்கு வந்தான். முதலில் கால் இடறினவன் மாதிரி, பிறகு நேராக. பேஸ் சேர்ந்தது, ட்றம்ஸ் சேர்ந்தது, பாடகர் பாடினார். அந்தப் பாட்டை நான் நூறு தரம் கேட்டிருப்பேன், அன்றைக்குத்தான் அது துக்கப் பாட்டு என்று தெரிந்தது. இவ்வளவு நாளும் அதைக் கேட்டு நாங்கள் துள்ளியிருக்கிறோம்.

தலைவர் அண்ணனை எடுத்துக்கொண்டார். பகல் நிகழ்ச்சிகள் இரண்டு பேசியிருக்கிறார்களாம். லோஞ்சையும் பஸ்சையும் நம்பி ஏலாது, டவுனிலேயே வந்து தங்கிப் பழக வேண்டும் என்றார். திரும்பி வரும்போது லோஞ்சின் பின்பக்கத்தில் நான் இருந்தேன். அவர்கள் இருவரும் எனக்கு முன்னால் இருந்தார்கள். காற்றுக்கு அவர்களுடைய கதை என் பக்கம் வந்தது.

“இனி நீ போகத் தேவையில்ல” என்றார் சங்கக்கடை அண்ணை.

அண்ணன் ஓம் என்று தலையாட்டினான். எனக்கு அந்த மனிதரின் காலில் விழலாம் போல இருந்தது. எங்களோடு சேர்ந்து அவரும் அண்ணனுக்குக் காவல் இருந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

வீட்டில் அம்மா மறுத்துவிட்டார். கண்ணுக்கு முன்னால் வைத்திருக்கிற பிள்ளையை டவுனில் கொண்டுபோய் விடுவதா என்று குசினிக்குள் பானையோடு சண்டை பிடித்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அமாவாசை வள்ளத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அம்மா அடுப்பில் இருந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார்.

“எனக்குத் தெரியும். துறையடியில எல்லாருக்கும் தெரியும்.” புகையில் கண்ணைக் கசக்கினார். “என்ர கண்ணுக்கு முன்னால நிண்டு காணாமப் போறதைவிட, தூரத்தில எங்கயெண்டாலும் இருக்கட்டும். போகச் சொல்லு.”

அண்ணன் அந்தக் கிழமையே போனான். வேலியடிப் பெடியன் மறுபடி வந்தபோது அம்மாவே படலையடிக்குப் போய், மகன் டவுனில் வேலைக்குப் போய்விட்டான் என்று சொல்லி அனுப்பினார். வீட்டில் இப்போது சத்தமில்லை. ஆனாலும் அம்மா சோறு காய்ச்சும்போது ஒரு தரமும் எட்டிப் பார்க்கவில்லை.

அமாவாசைக்கு முதல் நாள் பின்னேரம் சங்கக்கடை அண்ணை வந்தார். மாப் பைக்குள் றெக்கோடர், கையில் பிஸ்கற் ரின். உங்கள் அண்ணன் வந்தால் கேட்கட்டும், தனக்குக் கடையில் வேலை கூட என்றார். “புதுப் பற்றறி போட்டிருக்கிறன். வெயிலில வையாதேங்கோ” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தேத்தண்ணி குடியுங்கோ என்றேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

அமாவாசை கழிந்த காலையில் அம்மாவும் நானும் முற்றத்தில் நின்று காது கொடுத்தோம். எங்களுடையது டவுனில் பத்திரம் என்று தெரிந்தும் என்னால் உள்ளே போக முடியவில்லை. எந்த வீட்டில் இருந்தும் அழுகை கேட்கவில்லை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, சீனி வாங்கி வா என்று என்னைச் சங்கக்கடைக்கு அனுப்பினார். அங்கே பைகளோடு சனம் வாசலில் நின்றது. கதவில் பூட்டு தொங்கியது. இவ்வளவு நேரமாகியும் ஆளைக் காணவில்லையே என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

அவர் போவார் என்று ஒருவரும் நினைக்கவில்லை. யாரும் அவரைக் காவல் காக்கவில்லை. ஊர்த் தாய்மார் எல்லோரும் தங்கள் தங்கள் பெடியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் என் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். என் அண்ணனை வள்ளத்தில் இருந்து இறக்கிவிட்டுத் தான் ஏறினாரா, முதலே ஏற நினைத்திருந்து இவனையாவது நிறுத்திவிட்டுப் போவோம் என்று ஓடித் திரிந்தாரா, எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு வந்தது துக்கமில்லை, கோபம். தேத்தண்ணி குடிக்காமல் போன மனிதர்மேல் கோபம். இன்றைக்கும் முழுதாக ஆறவில்லை. அவர் திரும்பி வரவில்லை.

அண்ணன் செய்தி கேட்டு ஓடி வந்தான். முன் அறைக் கதிரையில் போய் இருந்தான். நான் ரின்னை அவனுக்குப் பக்கத்தில் வைத்தேன், அவன் திறக்கவில்லை. அன்று பின்னேரம் சங்கக்கடை அண்ணையின் தாய் வந்தார். ஒரு நாளும் எங்கள் வீட்டுக்கு வராத மனுசி. இந்தக் கோதாரி விழுந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிகிறான் என்று ஊரெல்லாம் மகனை ஏசினவர். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்தார்.

“அவன்ர குரலை ஒருக்காக் கேக்க வேணும், பிள்ளை. அவன் எடுத்ததுகள் எல்லாம் இதுக்குள்ளதானே இருக்கு?”

போட்டோம். வேலணையைப் போட்டோம், நயினாதீவைப் போட்டோம். கோயில் மணி கேட்டது. குழந்தை அழுதது. யாரோ ஒருவர் ‘இரண்டாவதைப் பாடுங்கோ’ என்று கத்தினார். கச்சான் கடலை விற்கிறவரின் கூவல் கேட்டது, பெடியங்களின் விசில் கேட்டது, பின்னால் நின்று ஒரு கிழவர் புறுபுறுக்கிறதுகூடக் கேட்டது. பாட்டு வரும் இடங்களை ஓடவிட்டு, சனம் கதைக்கிற இடங்களில் நிறுத்தி நிறுத்திக் கேட்டோம். ஒவ்வொரு குரலுக்கும் அந்த மனுசி முன்னுக்குக் குனிந்தார். இல்லை என்று தலையாட்டினார்.

“இதில ஏன் அவன் இல்ல?”

அண்ணன்தான் பதில் சொன்னான்.

“பதியிற ஆள் கதைக்கக் கூடாது, மாமி. கதைச்சால் அதுவும் பதிஞ்சு போகும். பாட்டுக் கெட்டுப்போகும். அவன் இருமல் வந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருப்பான்.”

“ஒருக்கா எண்டாலும் கத்தியிருக்கலாமே” என்றார் அவர். “எல்லாரும் கத்துகினம். இவன் ஒருக்காக் கத்தினால் என்ன?”

கசெற் முடிந்து டக்கென்று நின்றது. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் றெக்கோடரை மூடக் கையை நீட்டினான். மாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மூடாத தம்பி. மற்றப் பக்கத்தையும் போடு.”